பகிடிக்குச் சொல்லும் சொல் யார் காதில் விழுகிறது?

திருகோணமலை நகரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பின்னேரங்களில் கடற்கரையில் கிரிக்கெட் விளையாடும் கூட்டம் அவர்களுடையது. புதிதாகச் சேர்ந்த பொடியன் ஒருவன் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் "தோட்டக்காட்டான்" என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் போல வந்தவன் இப்போது வருவதில்லை. தம்பி எழுதியது இதுதான்: "நாங்கள் ஆளுக்காள் இதைவிட மோசமாக ஏசிக்கொள்வோம். யாரும் மனதில் வைப்பதில்லை. அவனையும் எங்களில் ஒருவனாக நினைத்துத்தான் சொன்னோம். பிழை எங்களுடையதா, அவன் தொட்டாச்சிணுங்கியா?"

பிழை உங்களுடையதுதான், தம்பி. நீங்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பதை நம்புகிறேன். நம்பிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். இந்தப் பதிலில் அப்படியான சொற்கள் சிலவற்றை அப்படியே எழுதப்போகிறேன். மறைத்து எழுதினால் எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்றே விளங்காமல் போய்விடும்.

உங்கள் கூட்டத்தில் மற்றவர்களை எதைச் சொல்லி ஏசுகிறீர்கள் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். ஒருவனுடைய தொப்பை, இன்னொருவன் ஓடும் விதம், வேறொருவன் யாருக்குப் பின்னால் திரிகிறான் என்பது. விளையாட்டு முடிந்து வீட்டுக்குப் போகும்போது அதெல்லாம் அங்கேயே நின்றுவிடும். "தோட்டக்காட்டான்" அப்படி நிற்காது. அது பந்தைத் தவறவிட்ட கையைப் பற்றிய சொல் இல்லை. அவனுடைய தாயையும் தகப்பனையும் பாட்டனையும் சேர்த்துச் சொல்லுகிற சொல். அவனுடைய தாய் அதைச் சந்தையில் கேட்டிருப்பார். தகப்பன் கூலிவேலைக்குப் போன வளவில் கேட்டிருப்பார். உங்களிடம் வருவதற்கு முன்பே அந்தச் சொல் அவன் வீட்டுக்குள் பலமுறை போய் வந்திருக்கிறது.

மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த அந்தச் சனம் எங்கள் மாவட்டத்துக்கு எப்படி வந்தது என்று உங்கள் வயதில் பலருக்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. வெள்ளைக்காரர் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைப் பக்கம் காட்டுவழியாக நடந்தவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே செத்தார்கள். நாடு சுதந்திரமடைந்த 1948ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அதில் மிஞ்சியவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இழுபட்டது.

இதற்கிடையில் 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் எரிக்கப்பட்டன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் திருகோணமலைக்கும் வந்தவர்கள் ஏராளம். தமிழர் இருக்கிற இடம், அடிக்க மாட்டார்கள் என்று நம்பி வந்தார்கள். காடு வெட்டினார்கள், கல் உடைத்தார்கள், மற்றவர்களின் வயலில் கூலிக்கு இறங்கினார்கள். பிறகு வந்த யுத்தத்தில் எங்களோடு சேர்ந்து செத்தார்கள், எங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகும் அவர்களுடைய பேரப்பிள்ளை தமிழ் வாயிலிருந்து கேட்கிற சொல் "தோட்டக்காட்டான்". அவர்கள் தங்களுக்குத் தெரிந்தெடுத்த பெயர் மலையகத் தமிழர். உச்சரிக்கக் கஷ்டமான பெயர் இல்லை.

நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி, எண்ணம் கெட்டதாக இல்லாதபோது எப்படிக் காயம் வரும் என்பது. இதை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். பல வருடம் படிப்பித்த ஆசிரியை நான். ஒரு நாள் இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். ஒருவனுடைய வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். கூட்டாளி ஒருவன், "என்னடா சக்கிலி மாதிரி வாறாய்" என்றான். வகுப்பே சிரித்தது. மண் பூசிய பொடியனும் சிரித்துக்கொண்டே சட்டையைத் தட்டினான். அவனுக்கு ஒன்றுமில்லை, அடுத்த நிமிடம் மறந்துவிட்டான்.

மூன்றாவது வரிசையில் இன்னொரு பிள்ளை இருந்தான். அவனுடைய தகப்பன் நகரத்தின் துப்புரவுத் தொழிலாளி. பிரிட்டிஷ்காரர் காலத்தில் நகரங்களைக் கூட்டிக் கழுவ என்று தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்த குடும்பம். அந்தப் பிள்ளை உடனே சிரிக்கவில்லை. முதலில் அக்கம்பக்கம் பார்த்தான், யார் யார் சிரிக்கிறார்கள் என்று. பிறகு சிரித்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சநேரம் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

பெற்றார் கூட்டங்களுக்கு அவனுடைய சின்னம்மாதான் வருவார். தகப்பனுக்கு வேலை என்பான். ஒருமுறை தகப்பன் வந்திருந்தார். கேற்றுக்குள் வரவில்லை. வீதிக்கு அந்தப் பக்கம், வேப்பமர நிழலில், நன்றாக மடிப்புக் கலையாத சேர்ட் போட்டு நின்றார். நான் போய்க் கூப்பிட்டேன். "வேண்டாம் டீச்சர், மகனுக்கு விருப்பமில்லை" என்றார். கோபம் இல்லாமல், பிள்ளையின் பக்கத்தை விளங்கிக்கொண்டவராகச் சொன்னார்.

அன்றைக்கு வகுப்பில் அந்தப் பிள்ளையைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னவன் நினைத்தது செம்மண் சட்டையை. சொல் போய் விழுந்தது மூன்றாவது வரிசையில். இந்த மாதிரிச் சொற்களின் வேலையே இப்படித்தான் நடக்கும். யாரை நோக்கி எறிகிறோமோ அவனுக்கு அதில் சம்பந்தம் இருக்காது. சம்பந்தமுள்ளவன் பக்கத்தில் பேசாமல் இருப்பான். அவன் எதிர்த்துச் சொன்னால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஆகவே சிரிப்பான். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் நாங்கள் "யாரும் மனதில் வைப்பதில்லை" என்று முடிவு கட்டுகிறோம்.

கேட்கிற இன்னொருவரும் இருக்கிறார். உங்கள் கூட்டத்திலேயே யாராவது ஒருவருக்கு அந்தச் சனத்தின் மேல் உண்மையான இளக்காரம் இருக்கலாம். வீட்டில் கேட்டு வளர்ந்த இளக்காரம். நீங்கள் பகிடியாகச் சொல்லும்போது, இதைச் சத்தமாகச் சொன்னால் பிரச்சினை இல்லை, எல்லாரும் என் பக்கம்தான் என்று அவர் எடுத்துக்கொள்வார். அமெரிக்கச் சமூக உளவியலாளர் தோமஸ் ஃபோர்ட் இழிவுபடுத்தும் பகிடிகளை வைத்து இதை நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறார். அவர் கண்டது, அந்தப் பகிடி நல்ல மனிதரைக் கெட்டவராக்கிவிடாது, ஆனால் ஏற்கனவே வெறுப்பு உள்ளவருக்கு அதை வெளியே காட்ட அனுமதி கிடைத்தது போலாகிவிடும் என்பது. நீங்கள் நல்லவராக இருந்தாலும் உங்கள் வாயிலிருந்து போன சொல் மற்றவரின் கையில் என்ன செய்யும் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது.

எங்கள் மாவட்டம் இந்த விஷயத்தில் மற்ற இடங்களைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இடம். 2012 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 3,80,000 பேர். முஸ்லிம்கள் 40 வீதமளவு, தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதமளவு. அதற்குள்ளே பாலையூற்றுப் பக்கம் பறங்கியர், மூதூர், வெருகல் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர். கின்னியா பஸ்ஸிலும் மீன் சந்தையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் உங்கள் பக்கத்தில் நிற்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அப்படியான ஊரில் முஸ்லிம்களைச் "சோனி", "தொப்பி பிரட்டி" என்று இரண்டு தமிழ்ப் பொடியன்கள் தங்களுக்குள் கதைத்துச் சிரிப்பது இரண்டு பேரின் கதையாக நின்றுவிடாது. ஒழுங்காக உடுத்தாதவனை "வேடன்" என்பதும், சுருட்டை முடியும் கறுத்த மேனியும் உள்ளவனைக் "காப்பிலி" என்பதும், நளினமாக நடக்கும் பொடியனைச் சிங்களத்திலிருந்து ஒட்டிக்கொண்ட "பொன்னயா" என்று கூப்பிடுவதும் அப்படித்தான்.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது "அகதி" என்ற சொல். கலியாண வீட்டுப் பந்தியில் ஒருவன் கொஞ்சம் கூடுதலாகச் சோறு போட்டால், "அகதி மாதிரி அள்ளாதே" என்கிறார்கள். கசங்கின உடுப்போடு வந்தால், "முகாமில இருந்து வந்தனியா" என்கிறார்கள். எந்த மாவட்டத்தில்? 2006இல் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடி, பட்டித்திடலிலும் கிளிவெட்டியிலும் மணற்சேனையிலும் தகரக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்த மாவட்டத்தில். அவர்களுடைய நிலம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல்தான். அதே 2006 ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்க்கு நடந்தார்கள். அதற்கு முன் 2004 டிசம்பரில் சுனாமி வந்து எத்தனை பேரைப் பாடசாலை மண்டபங்களில் படுக்க வைத்தது. வரிசையில் நின்று நிவாரணம் வாங்கிய பிள்ளை இன்றைக்கு உங்கள் வயதில் இருக்கிறான். அதே பந்தியில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறான். அவனுக்கு அடுத்த அகப்பை சோறு வாங்கக் கை நீளுமா?

எல்லாச் சொல்லும் ஒரே பாரம் என்று நான் சொல்லவில்லை. "உனக்கென்ன விசரா?" என்று நாங்கள் எல்லாரும் நாளுக்குப் பத்துத்தரம் கேட்கிறோம். அதைச் "சக்கிலி" என்பதோடு ஒரே தட்டில் வைக்கமாட்டேன். ஆனாலும் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. யுத்தமும் கடலும் ஆட்களைக் கொண்டுபோன பிறகு நித்திரை வராமல், தனியே கதைத்துக்கொண்டு, வெளியே வராமல் இருக்கிற மனிதர் இங்கே பல வீடுகளில் உண்டு. மனநல கிளினிக்குக்குப் போகச் சொன்னால், "விசர் டொக்டரிட்டப் போனவள் என்று சொல்லுவினம் டீச்சர்" என்று பின்வாங்கிய தாய்மாரை எனக்குத் தெரியும். மருந்து எடுத்தால் சுகப்படுத்தக்கூடிய வருத்தத்தை ஒரு சொல்லுக்குப் பயந்து வீட்டுக்குள் பூட்டி வைக்கிறார்கள். கோபத்தில் வாயில் வருவதை உடனே நிறுத்த முடியாது, அது எனக்கும் தெரியும். அப்படி ஒருவர் இருக்கும் வீட்டு முற்றத்திலாவது அந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தலைமுறைக்கு, தமிழரை இழிவாகச் சொல்லும் "பறத் தெமளா" என்ற சிங்கள ஏச்சு நன்றாகத் தெரியும். கலவர காலத்தில் கேட்டவர்கள் இருக்கிறார்கள், சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொன்ன இளம் சிப்பாய் ஒருவேளை பகிடியாகத்தான் சொல்லியிருப்பார். பக்கத்தில் நின்றவரைச் சிரிக்க வைக்கச் சொல்லியிருப்பார். எங்களுக்கு அது பகிடியாகப் படவில்லை. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. இவ்வளவு தெரிந்த சனமே வீட்டுக்குள் வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் "பறையன்" என்றும் "எளிய சாதி" என்றும் சொல்கிறது. சிப்பாயின் சொல் எங்கள் நெஞ்சில் எங்கே பட்டதோ அதே இடத்தில்தான் எங்கள் சொல்லும் அந்த மனிதருக்குப் படும். இதை விளங்கிக்கொள்ளப் படிப்பு ஒன்றும் தேவையில்லை.

"அவனே தன்னை அப்படிச் சொல்லிக்கொள்கிறானே" என்று சிலர் கேட்பார்கள். ஒருவர் தன் மக்களின் பெயரைத் தானே எடுத்து நிமிர்ந்து சொல்வது வேறு விஷயம். பறையை இழிவு என்று தள்ளி வைத்த காலம் போய், இன்றைக்குத் தமிழ்நாட்டில் அதைத் தங்கள் கலை என்று இளைஞர்கள் மேடையில் அடிக்கிறார்கள். அந்த உரிமை அவர்களுடையது, கூட்டாளிக்கு இரவல் கொடுக்கிற பொருள் இல்லை. அதோடு இன்னொரு வகையும் உண்டு. புதிதாக ஒரு கூட்டத்தில் சேர்ந்தவன், மற்றவர்கள் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட்டால் வலி குறையும் என்று முந்திக்கொள்வான். அதைச் சம்மதம் என்று எடுக்கக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதியைக் காட்டிக் கோவிலுக்குள்ளோ கடைக்குள்ளோ பாடசாலைக்குள்ளோ விடாமல் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. கடற்கரையில் ஏசுவதை அது பிடிக்காது. அதற்காக யாரையும் பொலிசுக்கு இழுக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்தைப் பாருங்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்காக வந்த சட்டம் அது. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியிலுள்ள எங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்கும் பொருந்தும். உடலுக்கோ உள்ளத்துக்கோ காயத்தை, மன வேதனையை, பயத்தை ஏற்படுத்துகிற அல்லது ஏற்படுத்தக்கூடிய எந்தச் செயலும் பகிடிவதை என்கிறது அதன் வரைவிலக்கணம். செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்று அது தொடங்கவில்லை. பட்டவருக்கு என்ன ஆனது என்றுதான் தொடங்குகிறது. உங்கள் கேள்விக்கும் அந்த அளவுகோல்தான் சரி.

சரி, இனி என்ன செய்வது? முதலில் கூட்டத்தில் மற்றவர்களோடு கதையுங்கள். அவன் இல்லாத நேரத்தில். ஒருவர் திருந்தி மற்றவர்கள் பழையபடி இருந்தால் அவனைத் திரும்பக் கூப்பிடுவது இன்னொரு கொடுமை. பிறகு நேரே போங்கள். வட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள், அங்கே எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவன் "பரவாயில்லை" என்று எழுதியே ஆகவேண்டி வரும். "அப்படிச் சொன்னது எங்கட பிழை, இனிச் சொல்லமாட்டோம்" என்பது போதும். "ஆனால் பகிடிக்குத்தான்" என்று ஒரு வால் சேர்க்க வேண்டாம். ஏன் வலித்தது என்று அவனிடம் விளக்கம் கேட்க வேண்டாம். விளையாட வரச் சொல்லுங்கள். வராவிட்டால் அது அவன் விருப்பம். அவன் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் சொல்லை விடுங்கள். உங்களோடு விளையாடுகிற எல்லாருடைய அம்மம்மாவும் எங்கே பிறந்தவர் என்று உங்களுக்குத் தெரியாது. தங்கள் வீட்டுக் கதையை வெளியே சொல்லாமல் வாழ்கிற குடும்பங்கள் இந்த நகரத்தில் எத்தனையோ.

யாராவது பழக்கதோசத்தில் மறுபடி சொன்னால் விளையாட்டை நிறுத்திப் பிரசங்கம் வைக்காதீர்கள். "டேய், அந்தச் சொல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தைப் போடுங்கள். மூன்றுநாலுதரம் அப்படிச் சொன்னால் வாய் தானாகப் பழகிவிடும். அப்படி வேண்டாம் என்று சொல்லும் ஆள் அணித்தலைவராகவோ நன்றாக அடிக்கிறவராகவோ இருந்தால் இன்னும் கெதியில் பழகும். பாதிக்கப்பட்டவனின் வாயால் அதைச் சொல்ல வைக்கக்கூடாது என்பதுதான் முக்கியம்.

வீட்டில் வயதானவர்கள் சொல்வது கொஞ்சம் கடினமான இடம். அம்மம்மா வளவு துப்புரவாக்க வருகிறவரைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரோடு சண்டை பிடித்து ஒன்றும் ஆகாது. வருகிறவருக்குக் கேட்கக்கூடியதாக நீங்கள் அவரைப் பெயர் சொல்லி, "அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுத் தொடங்குங்கோ" என்று கூப்பிடுங்கள். பேரப்பிள்ளை கூப்பிடும் பெயர் நாளடைவில் அம்மம்மாவின் வாயிலும் வரும். அவருடைய பெயர் தெரியாவிட்டால் இன்றைக்கே கேளுங்கள்.